தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள்: ஓர் அக்காவின் கேள்விகளுக்குப் பதில்

உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 21 வயது. எட்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. அறைக்குள் தனியாகப் பேசுகிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன் தலைக்குள் யோசனைகளைப் போடுகிறார்கள் என்கிறான். மனநல மருத்துவர் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதியிருக்கிறார். அவனுக்குள் இரண்டு ஆள் இருக்கிறார்களா, எதனால் இது வந்தது, தேர்வில் தோற்றபோது அம்மா திட்டியதுதான் காரணமா, கல்லூரியில் கஞ்சா பிடித்ததாகத் தெரியவந்ததே அதுவா, சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, தயங்கித் தயங்கி, நாளைக்கு உங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்று.

இந்த நோய் உள்ளவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. நோயைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டு ஆள் இல்லை. ஒருவருக்குள் பல ஆளுமைகள் மாறி மாறித் தலைகாட்டுவதாகச் சொல்லப்படும் நிலை வேறு, அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. சினிமா இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டது. நோயின் பெயருக்கும் அதில் பங்கு உண்டு. 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 'பிளத்தல்', 'மனம்' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை உண்டாக்கினார். எண்ணம், உணர்ச்சி, விருப்பம் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து ஓடாமல் கழன்று போவதைத்தான் அவர் சொல்ல வந்தார். துக்கச் செய்தியைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு வருவது அந்த வகை. அவருக்கு முன்னால் ஜெர்மனியின் எமில் கிரெப்பெலின் இதை இளம் வயதிலேயே வரும் அறிவுத் தேய்வு என்று பார்த்தார். போகப் போக மோசமாகும் என்பதுதான் அவர் கணிப்பு. பிளாய்லர் பார்த்த நோயாளிகளில் பலர் அப்படி ஆகவில்லை, பழைய பெயரை அவர் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பானில் 2002இல் 'மனம் பிளந்த நோய்' என்ற பெயரையே கைவிட்டு, ஒருங்கிணைப்பு குறைந்த நிலை என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார்கள். தமிழில் புழங்கும் 'மனச்சிதைவு' எனக்குப் பிடித்த சொல் இல்லை. சிதைந்தது திரும்ப ஒன்றுசேராது என்பது போல ஒலிக்கிறது. என்ன செய்வது, ஊரெல்லாம் தெரிந்த பெயர் அதுதான்.

அடுத்தது தனியாகப் பேசுவது. பல நேரம் அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஆள் இல்லை, குரல் இருக்கிறது. 'கற்பனை செய்துகொள்கிறான்' என்று வீட்டில் சொல்வார்கள். கற்பனைக் குரலை நாம் வேண்டும்போது நிறுத்தலாம். இதை அப்படி நிறுத்த முடியாது. நீங்கள் கூப்பிடுவது எவ்வளவு நிஜமாகக் கேட்கிறதோ அவ்வளவு நிஜமாக அதுவும் கேட்கும். இரண்டு பேர் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். 'இப்போது எழுந்திருக்கிறான், கதவுப் பக்கம் போகிறான்' என்று ஒரு குரல் வர்ணனை செய்துகொண்டே வரும். சில குரல்கள் திட்டும், சில கட்டளையிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. நம் எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. கதவைப் பூட்டினோமா, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று. அது நம் குரல்தான் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏனென்றால் மூளை ஒன்றைச் செய்யத் தொடங்கும்போதே, 'இதைச் செய்வது நான்தான்' என்ற முன்னறிவிப்பைத் தன் புலன் பகுதிகளுக்கு அனுப்பிவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்க முடியாததற்குக் காரணமும் அந்த முன்னறிவிப்புதான். 2000இல் லண்டன் ஆய்வாளர்கள் சிலர் இதையே சோதித்துப் பார்த்தார்கள். இந்தத் தொந்தரவு இல்லாதவர்களுக்குத் தன் கையால் தானே தொட்டுக்கொண்டால் கூச்சம் குறைவாகவும், அடுத்தவர் தொட்டால் அதிகமாகவும் இருந்தது. குரல் கேட்பவர்களுக்கும், யாரோ தன்னை இயக்குவதாக உணர்பவர்களுக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதாவது 'இது என்னுடையது' என்ற முத்திரை விழாமல் போகிறது. தன் மனதின் பேச்சுக்கே அந்த முத்திரை விழாவிட்டால் என்ன ஆகும்? யாரோ பேசுவதாகத்தானே தோன்றும். யோசனைக்கு விழாவிட்டால், யாரோ உள்ளே போட்டதாகத் தோன்றும். உங்கள் தம்பி சொல்வது அதைத்தான். மருத்துவத்தில் வெகுகாலமாகப் பதிவாகியிருக்கும் அனுபவம் இது. உலகின் வெவ்வேறு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள். எல்லா நோயாளியின் எல்லாக் குரலையும் இந்த ஒரு விளக்கத்தில் அடக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டார்மேல் ஏன் சந்தேகம்? இங்கே டோபமைன் வருகிறது. சந்தோஷம் தரும் ரசாயனம் என்று படித்திருப்பீர்கள். 'இதைக் கவனி' என்று அடிக்கோடு போடும் ரசாயனம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இந்த நோய் உச்சத்தில் இருக்கும்போது மூளையின் ஆழப்பகுதி ஒன்றில் டோபமைன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அடிக்கோடு போடக் கூடாத இடத்திலெல்லாம் கோடு விழுகிறது. பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது. ஒரு வண்டியின் எண், எங்கோ கதவு சாத்தும் சத்தம், செய்தி வாசிப்பவரின் பார்வை எல்லாம் தனக்காகவே நடக்கிறது. வாரக்கணக்கில் இப்படி இருந்தால் யாருக்கும் தலை வெடிக்கும். அப்புறம் ஒரு நாள் எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு கதை கிடைக்கிறது: 'இவர்கள்தான் செய்கிறார்கள்.' அந்தக் கதை பயங்கரமானதுதான். ஆனால் அர்த்தமே இல்லாத குழப்பத்தைவிட அது மேல். அதனால்தான் அவர்கள் அதை விடமாட்டார்கள்.

வாதம் செய்து இதை உடைக்க முடியாது. நீங்கள் முயன்று பார்த்திருப்பீர்கள், எல்லோரும் முயல்கிறார்கள். பக்கத்து வீட்டாரையே அழைத்து வந்து சத்தியம் செய்ய வைத்தால், அவர்களோடு நீங்களும் சேர்ந்துவிட்டதாக முடிவாகும். 'ஆமாம்டா, அவர்கள் மோசம்' என்று ஒத்துக்கொள்வதும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. 'எனக்கு அது கேட்கவில்லை. உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். ராத்திரி பயமாக இருக்கிறதா? தூக்கம் வருகிறதா?' கதையை விட்டுவிட்டுக் கதைக்குள் இருக்கும் பயத்தோடு பேச வேண்டும். தனக்கு நோய் என்பதே தெரியாமல் இருப்பதும் இந்த நோயின் ஒரு பகுதி. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரிக்குப் போகவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் குரலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் குடும்பமும் அப்படித்தான். குரலும் சந்தேகமும் சத்தம் போடும் அறிகுறிகள், ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருபவை அவைதான். பின்னால் வாழ்க்கையை அதிகம் தீர்மானிப்பவை சத்தமில்லாதவை. குளிக்கத் தோன்றாது. நண்பன் போன் செய்தால் எடுக்கத் தோன்றாது. பிடித்த பாட்டு ஓடினாலும் முகம் அசையாது. கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வரும், சில நாள் அதுவும் வராது. இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள், இருக்க வேண்டியது இல்லாமல் போவதால். வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம், திமிர். எனக்குத் தெரிந்த ஓர் அப்பா, மகனுக்குக் குரல் கேட்கிறது என்று தெரிந்ததும் அழுதார். அதே மகன் பகல் முழுவதும் படுத்திருந்தபோது தண்ணீரை எடுத்து முகத்தில் ஊற்றினார். இரண்டும் ஒரே நோய் என்று அவருக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

கூடவே கவனம், நினைவு, திட்டமிடுதல் ஆகியவையும் தடுமாறும். ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் நழுவிவிடும். இப்போது பின்னோக்கி யோசித்துப் பாருங்கள். தேர்வில் தோற்றது எப்போது? குரல் தொடங்கியது எப்போது? பல பேருக்கு முதல் குரலுக்கு மாதங்களுக்கு முன்பே, சிலருக்கு வருடங்களுக்கு முன்பே, படிப்பு சரிந்து, நட்பு சுருங்கி, தூக்கம் கெட்டிருக்கும். அம்மா திட்டியதால் நோய் வந்ததா என்று கேட்கிறீர்கள். நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால்தான் அவன் தேர்வில் தோற்றிருக்கலாம்.

அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே தாய்மார்மேல் பழி போட்டார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர் இந்த நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லையே எழுதிவைத்தார். இரண்டு, மூன்று தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆதாரம் எதுவும் நிற்கவில்லை, அந்தக் கருத்தை மருத்துவம் கைவிட்டுவிட்டது. திட்டு வாங்கியதால் ஸ்கிசோஃப்ரினியா வருவதென்றால் உலகில் பாதிப் பேருக்கு வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதனால்? ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. மரபணுவின் பங்கு பெரியது. ஒரே கருவில் இருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பழைய ஆய்வுகளில் ஏறக்குறைய பாதி, சில புதிய ஆய்வுகளில் மூன்றில் ஒன்று. ஒரே மரபணுத் தொகுப்பு இருந்தும் மற்ற இரட்டையருக்கு வராமலும் போகிறது, அதைக் கவனியுங்கள். ஒரு தனி மரபணுவைத் தேடி வெகுகாலம் அலைந்தார்கள். 2022இல் வெளியான பெரிய ஆய்வு, தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுப்பில் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே ஆபத்தை மிகக் கொஞ்சமே கூட்டுபவை, நம் எல்லோரிடமும் அவற்றில் பல இருக்கின்றன.

மற்றது பிறப்புக்கு முன்பிருந்தே தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகளுக்குப் பின்னால் இந்த நோய் இரண்டு மடங்கு அதிகமாக வந்தது. 1959-61 சீனப் பஞ்சத்திலும் அதே இரண்டு மடங்குதான். பிரசவத்தில் மூச்சு முட்டுவது, பெருநகரத்தில் பிறந்து வளர்வது, புலம்பெயர்ந்து போன இடத்தில் ஒதுக்கப்படுவது, சிறு வயதில் அனுபவித்த கொடுமை என்று ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. எதுவும் தனியாக நோயைக் கொண்டுவருவதில்லை.

கஞ்சா பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். 1987இல் வந்த சுவீடன் ஆய்வு, ராணுவத்தில் சேர்க்கப்பட்ட ஏறக்குறைய 45,000 இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்தது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு இந்த நோய் வந்தது, பிடிக்காதவர்களைவிட ஆறு மடங்கு. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த எண்ணைக் குறைத்தாலும் திசையை மாற்றவில்லை. வீரியம் கூடிய வகையைத் தினமும் பிடிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை, பிடிக்காத எத்தனையோ பேருக்கு வருகிறது. உங்கள் தம்பிக்கு அதுதான் காரணமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் இனிமேல் அவன் தொடக் கூடாது. நோய் வந்தபின் தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு அது மறுபடி மறுபடி கிளம்புகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, கருவிலேயே விதை விழுந்தது என்றால் ஏன் இருபது வருடம் காத்திருக்கிறது? ஆண்களுக்குப் பதின்வயது முடிவிலிருந்து இருபதுகளின் நடுவரை, பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, நாற்பதைத் தாண்டி இன்னொரு சிறு அலை என்று வருகிறது. இளம் வயதில் மூளை தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழித்துக் கட்டுகிறது. தோட்டத்தில் கிளை வெட்டுவது போன்ற வேலை. 2016இல் சி4 என்ற மரபணுவைப் பற்றி வந்த ஆய்வு, அதன் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து சற்று அதிகம் என்று காட்டியது. எந்த இணைப்பைக் கழிப்பது என்று அடையாளம் போடும் வேலையோடு தொடர்புள்ள மரபணு அது. வெட்ட வேண்டியதற்கு மேல் வெட்டப்படுகிறது என்ற பழைய ஊகத்துக்கு இது வலு சேர்த்தது. காரணத்தின் முழுப் படம் இன்னும் கிடைக்கவில்லை. நெருங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இந்த நோய் தெரியாது. அவற்றை எடுக்கச் சொல்வது வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய. தைராய்டு, வலிப்பு, போதைப்பொருள், மூளை அழற்சி எல்லாம் இதைப் போலவே வேஷம் போடும். கடும் மனச்சோர்வும், அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயும்கூடக் குரலோடு வரலாம். அமெரிக்க அளவுகோலில் தொந்தரவு ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஒரு மாதம் போதும். ஆகவே முதல் சந்திப்பிலேயே பெயர் சூட்டத் தயங்கும் மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்.

சிகிச்சை. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசைன் என்ற மருந்து வந்தது. அதற்கு முன்னால் இந்த நோய்க்கு உருப்படியான மருந்தே கிடையாது. அந்த மருந்தும் பின்னால் வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமும் டோபமைனின் வேகத்தைத் தணிப்பவை. குரலையும் சந்தேகத்தையும் பெரும்பாலோருக்கு அடக்கும். ஆனால் நான் சொன்ன அந்தச் சத்தமில்லாத அறிகுறிகளை அவை பெரிதாகத் தொடுவதில்லை. இது தெரியாததால்தான், மூன்று மாதம் கழித்துக் குரல் நின்றதும், 'இப்போதுதான் சரியாகிவிட்டதே, ஏன் படுத்தே கிடக்கிறான்' என்று வீட்டில் சண்டை தொடங்குகிறது. சாப்பிடுகிற மருந்தும் அவனைச் சற்று மந்தமாக்கும். உடல் எடை கூடும், கை நடுங்கலாம், உட்கார முடியாமல் கால் பரபரக்கலாம். அவற்றை மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். தாங்களாக நிறுத்துவதுதான் அபாயம். நிறுத்திய மறுநாள் எதுவும் ஆகாது, அதுதான் ஏமாற்றுவது. சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் திரும்ப வரும். தினமும் மாத்திரை போடுவது தகராறாக இருந்தால் மாதம் ஒரு ஊசி போடும் வழியும் உண்டு.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதுமான பலன் தருவதில்லை. இரண்டு மருந்தைச் சரியான அளவில் முறையாகக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் குளோசபைனைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளணுக்களை அது அரிதாகக் குறைத்துவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்தத் தொந்தரவுக்குப் பயந்து பல பேருக்கு அதைத் தாமதமாகவே கொடுக்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். 2024இல் அமெரிக்காவில் சனோமெலின், ட்ரோஸ்பியம் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. டோபமைன் கதவை நேரடியாக அடைக்காமல் வேறு வழியில் போகும் மருந்து. எவ்வளவு தூரம் உதவும் என்பது போகப் போகத்தான் தெரியும்.

அம்மா நோயை உண்டாக்கவில்லை என்றேன். ஆனால் வீட்டின் பேச்சு இனிமேல் நடப்பதைப் பாதிக்கும். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைக் கவனித்து இதைக் கண்டார். ஓயாத குறை, வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்ப்பது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று மிகுந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்பியது. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். சோறு ஊட்டிவிடுவது, இருபத்து நான்கு மணி நேரமும் முகத்தையே பார்ப்பது, அவன் சார்பில் எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொல்வது எல்லாம் அதில் சேரும். ஒரு நேரத்தில் ஒருவர், சின்ன வாக்கியத்தில் பேசுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை அவனுடையதாக இருக்கட்டும், செய்யாவிட்டால் நாளைக்கு.

ஆபத்தானவர்களா என்று பலர் கேட்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அடி வாங்குபவர்களாகவே அதிகம் இருக்கிறார்கள். உண்மையான ஆபத்து அவர்களுக்கேதான். ஏறக்குறைய இருபதில் ஒருவர் தற்கொலையில் இறக்கிறார், அதிலும் முதல் சில வருடங்கள்தான் மோசமானவை. குரல் 'செத்துப் போ' என்று சொல்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அடுத்த மருத்துவத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

சரியாகுமா? சிலருக்கு ஒரே தடவை வந்து போய்விடுகிறது. பலருக்கு வந்து வந்து போகும், இடையில் வேலை, கல்யாணம், படிப்பு எல்லாம் நடக்கும். சிலருக்குக் கடைசிவரை துணை வேண்டியிருக்கும். 1994இல் பொருளாதார நோபல் வாங்கிய ஜான் நாஷ் பல வருடம் இந்த நோயோடு இருந்தவர். ஆனால் அவரை அளவுகோலாக வைத்து உங்கள் தம்பியை அளக்காதீர்கள். காலையில் தானாகக் குளித்துவிட்டு வந்து உட்காரும் ஒரு நாள் வரும், நான் அதைப் பெரிய முன்னேற்றம் என்றே கணக்கில் எழுதுவேன். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. எட்டு மாதம் தாமதம்தான், நம்பிக்கை இழக்க வேண்டிய தாமதம் இல்லை.

கடைசிக் கேள்வி. பொதுவாக நூற்றில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் 10 முதல் 13. உடன்பிறந்தவருக்கு இருந்தால் ஏறக்குறைய 9. அந்த எண் உங்களுடையது, ஆனால் ஆபத்து மிகுந்த வயதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். உங்கள் குழந்தைக்கு அவன் தாய்மாமன். மாமனுக்கு இருந்தால் நூற்றில் 3 அல்லது 4. மீதி 96, 97 பேருக்கு வருவதில்லை. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பீர்கள். சொல்லிவிடுங்கள், இந்த எண்ணையும் சேர்த்து.